பல்லும் இதழும் அண்ணமும்

எழுத்தொலி பிறக்கும் இடங்களை எண்ணிச் சொல்லும் தொல்காப்பியர், பல், இதழ், நா, அண்ணம் ஆகியவற்றை அவற்றுள் வைத்தார். இருபது ஆண்டுகளாக அந்நூற்பாவை வகுப்பில் நடத்தி வருகிறேன். எனினும் அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தையொன்று ‘பாப்பா’ என்று சொல்ல முயன்று, காற்று மூக்கு வழியே கசிய, ‘மாம்மா’ என்று ஒலித்ததைக் கேட்ட அன்றுதான் அஃது எனக்கு முழுதும் விளங்கிற்று. வல்லினம் மெல்லினமாகிப் போகும் அவலம் அது!

அப்பிளவை மூடித் தைப்போருள் வாய், முக, தாடை அறுவை மருத்துவரும் ஒருவர். விபத்தில் நொறுங்கிய தாடையைச் சேர்ப்பதும், பாக்கும் புகையிலையும் மென்று புற்றுநோய் கண்டவருக்கு அறுவை செய்வதும் அவர் பணிகளே. நம் வீடுகளிலோ பல் மருத்துவம் என்றாலே எம்.பி.பி.எஸ். கிட்டாதவர் படிப்பு!

என் உறவினர் மகள் பி.டி.எஸ். முடித்து, முதுநிலையில் இத்துறையே வேண்டும் என்றாள். “பொம்பளப் புள்ளைக்கு எலும்பறுக்குற வேலை எதுக்கு மகளே? தெருமுனையிலே ஒரு கிளினிக் போதாதா?” என்றார் குடும்பப் பெரியவர். அன்பினால் சொன்ன சொல்தான், எனக்கு உடன்பாடில்லை.

காலம் நீண்டதென்பதை மறுக்கவில்லை. நான்காண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, நுழைவுத் தேர்வு, அதன்பின் மூன்றாண்டு எம்.டி.எஸ். அம்மூன்றாண்டும் நூலோடு மட்டும் கழிவன அல்ல. விபத்துப் பிரிவில் இரவுப் பணி உண்டு. மயக்க மருத்துவத் துறையிலும் பொது அறுவைத் துறையிலும் பயிற்சி உண்டு. முதலில் மூத்தவர் அருகே நின்று கருவி பிடிக்க வேண்டும். பின்னரே முறிந்த தாடையைப் பொருத்தித் தகடு வைத்துத் திருகாணி முடுக்கும் தகுதி வரும். பிரிட்டனில் இத்துறைக்குப் பல் மருத்துவம், பொது மருத்துவம் என இரு பட்டங்கள் வேண்டும். இங்கு முன்னது போதும். நமக்கு வாய்த்த சலுகை என்பேன்.

நம்மவர்க்கு இது புதிய வழியுமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி பல் பிடுங்கும் கருவிகளை நூலில் வரைந்து வைத்தார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உள்ளது. இளநிலையோடு நின்றுவிடவா அதனைக் கேட்டுப் பெற்றோம்? திருமண மண்டபத்திற்கு அள்ளி வழங்கும் செல்வர்கள், தனியார் கல்லூரியின் முதுநிலைக் கட்டணத்திற்கும் கைகொடுத்தால் என்ன?

அப்பெண் இவ்வாண்டு நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். கலந்தாய்வில் அறுவைத் துறையை முதல் விருப்பமாகக் குறிக்கலாமா என்று அவள் வாப்பா என்னிடம் கேட்டார். குறிக்கச் சொன்னேன்.