வியாழக்கிழமை ஜாக்கியின் முறை

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலில் போதகர் ஐயா என்ன பிரசங்கம் செய்தார்?

கிறிஸ்தவ சகோதரிகளைத்தான் கேட்கிறேன். மற்றச் சகோதரிகள் தாங்கள் கடைசியாகக் கேட்ட உபன்யாசத்தை நினைத்துக் கொள்ளலாம், விஷயம் ஒன்றுதான். "பிரசங்கம் நன்றாயிருந்தது" என்பீர்கள். எந்த வசனத்தின் மேல் பேசினார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பீர்கள். போகட்டும், அதைப் பரீட்சை பண்ண நான் வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தீர்களே, அங்கே எத்தனை பேர் உங்களைக் குசலம் விசாரித்தார்கள்! பையனுக்கு உத்தியோகம் ஆயிற்றா, மருமகளுக்கு இது எத்தனையாவது மாதம், இந்தப் புடவை எந்தக் கடையில் எடுத்தது என்று ஒன்று பாக்கியில்லாமல் கேட்டார்கள். "உன் மனசு எப்படி இருக்கிறது, அம்மா? ஜெபம் பண்ண முடிகிறதா, அல்லது உதடு மட்டும்தான் அசைகிறதா?" என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் நமக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்!

அந்தக் கேள்வியை வாரந்தோறும் கேட்ட ஒரு தாயாரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது நம்முடைய தரங்கம்பாடிக் கடற்கரையினால் என்றால் நம்புவீர்களா?

1706-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி, டென்மார்க் அரசர் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளுட்சாவு. சீகன்பால்கு பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதித் தமிழ் கற்றவர். பிற்பாடு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவரும் அவர்தான். தாங்கள் கண்டதையும் பட்டதையும் இருவரும் ஊருக்குக் கடிதங்களாக எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. 1709-ல் லண்டனில் ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தன.

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி, லிங்கன்ஷயர் ஜில்லாவில் எப்வொர்த் என்ற சிற்றூரில், ஸாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியாரின் புத்தக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருடைய மனைவிதான் நம் கதாநாயகி, சூஸன்னா வெஸ்லி அம்மாள். பெற்ற பிள்ளைகள் 19. அவர்களில் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குப் போனவர்கள் 9 பேர். பாதிரியார் கெட்டிக்காரர், ஆனால் கடன்காரர். 1705-ல் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். ஊராருக்கும் அவருக்கும் ஆகாது. 1709 பிப்ரவரியில் வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயது ஜான் மாடியில் அகப்பட்டுக் கொண்டான். ஓர் ஆள் தோள்மேல் இன்னோர் ஆள் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனை வாங்கினார்கள். அந்த ஜான்தான் பிற்காலத்தில் மெதடிஸ்ட் சபைகளுக்கு மூலபுருஷரான ஜான் வெஸ்லி.

இப்படி ஒரு சம்சாரத்தில் இருப்பவளுக்கு ஆத்தும விசாரத்துக்கு நேரம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மாளும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும்.

1711-ம் வருஷக் குளிர்காலம். பாதிரியார் சபை மகாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். மூத்த பெண் எமிலி அப்பாவின் அறையில் தரங்கம்பாடிப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். படித்துக் காட்டச் சொன்னார் தாயார். கேட்கக் கேட்க மனம் கரைந்தது. பல நாள் வேறு பேச்சே ஓடவில்லை என்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லுகிறார். முகம் தெரியாத ஜனங்களுக்காக இரண்டு வாலிபர்கள் கடல் கடந்து போனார்களே, நான் ஆணுமல்ல, குருவுமல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாக எதையாவது செய்யக்கூடாதா என்று தோன்றிற்றாம்.

என்ன செய்தார் தெரியுமா? கப்பல் ஏறவில்லை. கிழமை பிரித்தார்! திங்கள் இரவு மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்ஸி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் ஸூக்கியும் சேர்ந்து. (பாட்டி என்றால் கிழவியல்ல, மார்த்தா என்ற சிறுமியின் செல்லப் பெயர்.) அவரவர் முறையில் அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். பாடம் ஒப்பிப்பதற்கல்ல; அதற்குப் பகலில் ஆறு மணி நேரம் பள்ளிக்கூடமே நடத்தினார். இது அந்தப் பிள்ளையின் உள்ளத்துக்கென்று ஒதுக்கிய நேரம். என்ன பயம், என்ன பொய், என்ன சந்தேகம் என்றெல்லாம் பேசத் தகுந்த நேரம். எட்டுப் பேருக்கு நடுவில் வாரத்தில் ஓர் இரவாவது அம்மா முழுக்கத் தன்னுடையவள் என்றால் ஒரு குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்!

வியாழக்கிழமை ஜாக்கி என்றேனே, அவன்தான் ஜான். சுமார் 20 வருஷங்களுக்குப் பிறகு, ஆக்ஸ்போர்டில் பெரிய கல்வியாளராக இருந்தபோது தாயாருக்குக் கடிதம் எழுதினார். அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியை இன்னமும் எனக்கென்று கொடுக்க மாட்டீர்களா, என் இருதயத்தைச் சீர்திருத்த அது இன்றைக்கும் உதவுமே என்று கேட்கிறார். அந்த அம்மாளுக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. ஞாயிறு மாலையில் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்து அம்மாள் ஜெபமும் பிரசங்க வாசிப்பும் நடத்தி வந்தார். வேலைக்காரப் பையன் தன் தாய் தகப்பனிடம் போய்ச் சொன்னான். அவர்கள் நாங்களும் வரலாமா என்றார்கள். பிறகு அடுத்த வீட்டார், அதற்கடுத்த வீட்டார். முப்பது நாற்பது பேர் 200 பேருக்கு மேல் ஆனார்கள். இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. கோயிலைப் பார்த்துக் கொண்டிருந்த உதவிப் பாதிரியாருக்கு வயிற்றெரிச்சல். லண்டனுக்குப் புகார் பறந்தது. கணவரும் தயங்கினார். பெண்பிள்ளை இப்படி நடத்துவது பார்வைக்கு விசித்திரமாக இருக்கிறதே, வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லக் கூடாதா என்று எழுதினார்.

அம்மாளின் பதிலைப் படித்தால் நமக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். கடவுளைப் பற்றி மனப்பூர்வமாகச் செய்கிற எதுதான் உலகத்துக்கு விசித்திரமாக இல்லை என்று கேட்டார். வேறு யார் வாசிப்பது, எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கத் தெரிந்தவர் இவர்களில் எவருமில்லையே என்றார். பிறகு கணக்கைக் காட்டினார்: மாலை ஆராதனைக்கு முன்பு 20, 25 பேருக்கு மேல் வந்ததில்லை, இப்போது 200, 300 பேர் வருகிறார்கள், பல வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவர்களும் வருகிறார்கள், நம்மைப் பகைத்த ஊரார் இப்போது சிநேகமாயிருக்கிறார்கள். கடைசியாக ஒரு வார்த்தை. நிறுத்தும்படி விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், அது என் மனச்சாட்சிக்குப் போதாது. நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் இந்த நன்மையை விட்டதற்கு நான் உத்தரவாதியல்ல என்று ஆகிவிடட்டும் என்றார். எவ்வளவு பணிவு, எவ்வளவு பிடிவாதம்! பாதிரியார் நிறுத்தவில்லை.

இந்த அம்மாளைத் தெய்வமாக்கிப் படம் மாட்டச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். ஒரு வயது ஆனதுமே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கினாராம். எனக்கு அது பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைப் பெண் ஹெட்டியின் கதை வேறு இருக்கிறது. புத்தியும் கவிதையும் நிரம்பிய பெண். 1725-ல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய், கைவிடப்பட்டுக் கர்ப்பவதியாகத் திரும்பினாள். மனதுக்கு ஒவ்வாத ஒருவனுக்கு அவசரமாகக் கட்டி வைத்தார்கள். தகப்பனார் மன்னிக்கவேயில்லை. தாயாரின் மனமும் சுலபத்தில் இளகவில்லை. மறு வருஷம், வியாழக்கிழமைப் பிள்ளை ஜான், தவறியவர்களிடமும் அன்பு காட்ட வேண்டும் என்று தகப்பனாருடைய சபையிலேயே பிரசங்கம் செய்தார். அப்பாவுக்குக் கோபம் வந்தது. கிழமை தவறாமல் பேசிய வீட்டிலும் கதவு அடைபட்டது. ஆகையால், ஏற்பாடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஏற்பாடே இல்லாவிட்டால்? அதையும் ஜான் வெஸ்லி கண்டார். வெட்டவெளியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கம் செய்தவர் அவர். கேட்டவர்களைச் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்த்து விசாரிக்காத இடங்களில், சில வருஷத்தில் பெரும்பாலோர் மறுபடி தூங்கிப் போனதைப் பார்த்து மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார்.

அதற்கு அவர் கண்ட வழி, கடனில் பிறந்தது. பிரிஸ்டல் நகரத்தில் 1739-ல் கட்டிய ஜெப மண்டபத்தின் பேரில் கடன் நின்றது. 1742 பிப்ரவரியில் கூடி யோசித்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டால் அடைந்துவிடும் என்றார் காப்டன் ஃபாய் என்பவர். பலர் பரம ஏழைகள், பென்னிக்கு எங்கே போவார்கள் என்றார் ஒருவர். "அப்படியானால் ஏழையிலும் ஏழையாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரம் ஒரு தடவை நான் போய்ப் பார்க்கிறேன், கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன்" என்ற பொருளில் பதில் சொன்னார் காப்டன். மற்றச் சிலரும் அப்படியே ஒப்புக் கொண்டார்கள்.

பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டு நிலைமையையும் பார்த்தார்கள். இங்கே புருஷன் குடிக்கிறான், அங்கே அண்ணன் தம்பி பேசுவதில்லை, இன்னொருத்தி மனமுடைந்து கிடக்கிறாள் என்ற மாதிரிச் செய்திகள் வராமல் இருக்குமா? இத்தனை நாள் நமக்கு வேண்டியிருந்தது இதுவல்லவா என்று வெஸ்லிக்குப் பளிச்சென்று பட்டது. பணம் பின்னே போயிற்று. விசாரிப்பு முன்னே வந்தது. வேலைக்காரிகளைத் தனியாகப் பார்க்க எஜமானிகள் விடவில்லை என்பதனால், வீடு வீடாகப் போவதை மாற்றிப் பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடினார்கள். இதற்கு "வகுப்பு" என்று பெயர். நாளடைவில் பல வகுப்புகளுக்குப் பெண்களே தலைவிகளானார்கள்.

நம் சபைகளில் இவையெல்லாம் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியின் வழிவந்த சபைகளும் அதில் சேர்ந்தவைதாம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் காணிக்கை கொண்டு வரும் நம் பாட்டிமாரின் வழக்கம், காப்டனின் பென்னிக்கு எந்த விதத்தில் குறைந்தது? வீட்டு ஜெபக் கூட்டமும் உண்டு. பெண்கள் சங்கமும் உண்டு. கைபேசியில் விடியற்காலையில் ரோஜாப் பூவோடு வசனம் வந்து விழுகிறது.

ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டு ஜெபத்துக்கு நாற்பது பேர் வந்தால் பேசுகிறவர் இரண்டு பேர்தான். இன்றைக்கு அவர்கள் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் என்றால், அடுத்த வாரம் நம் வீட்டில் அதற்குக் குறையக் கூடாது என்ற கவலையிலேயே கூட்டம் நடத்துகிறவளுக்கு ஜெபம் போய்விடுகிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். காப்பியோடு நிறுத்திக் கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தையாவது சொல்ல இடம் இருக்கட்டும். சொல்ல மனமில்லாதவளை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் சொல்வாள்.

இன்னொன்று, மிகவும் முக்கியம். "ஜெபக் குறிப்பு" என்று ஒன்று இருக்கிறதே! "பாவம், அவளுக்காக ஜெபியுங்கள், அக்கா. விஷயம் என்னவென்றால்..." என்று ஆரம்பித்தால், மாலைக்குள் அந்த விஷயம் தெருக்கோடி வரை போய்விடுகிறது. ஒருத்தி தன் மகனைப் பற்றியோ கணவனைப் பற்றியோ கண் கலங்கிச் சொன்னது, அவளுக்கே இரண்டு நாளில் வேறொருவர் வாய் வழியாகத் திரும்பி வந்தால், அவள் அப்புறம் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டாள். கோயிலுக்கு வருவாள், பாட்டுப் பாடுவாள், மனக்கதவை மட்டும் சாத்திக் கொள்வாள். சபையில் அப்படிச் சாத்திக் கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது போதகருக்குத் தெரியாது. உங்களில் சிலருக்குத் தெரியும்.

வீட்டிலே குழந்தைகளுக்குக் கிழமை பிரிக்க வேண்டும் என்று தோன்றினால், அரை மணி கூட வேண்டாம், கால் மணி போதும். பரீட்சை மார்க்கைப் பற்றி மட்டும் அந்தக் கால் மணியில் பேசாதீர்கள்.

சூஸன்னா அம்மாள் கடைசிக் காலத்தில் லண்டனில், பழைய பீரங்கி வார்ப்படசாலை ஒன்றை மகன் ஜெப வீடாக மாற்றியிருந்தாரே, அங்கே ஓர் அறையில் குடியிருந்தார். குருப்பட்டம் பெறாத ஓர் இளைஞன் அங்கே பிரசங்கம் செய்யத் துணிந்தபோது ஜானுக்குக் கோபம் வந்தது. அவசரப்படாதே, முதலில் போய்க் கேள், உன்னைப் போலவே அவனையும் கடவுள்தான் அழைத்திருக்கிறார் என்று தடுத்தவர் இந்தத் தாயார்தான். வியாழக்கிழமை முறை அப்போதும் தீரவில்லை போலும்! பிரிஸ்டலில் பென்னி போட ஆரம்பித்த அதே 1742-ல், வசந்த காலத்தில், லண்டனிலும் வகுப்புகள் தொடங்கின. ஜூலை மாதம் அம்மாள் படுத்த படுக்கையானார். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சார்லஸ் மட்டும் ஊரில் இல்லை. தம் உயிர் பிரிந்ததும் ஒரு துதிப்பாட்டுப் பாடவேண்டும் என்று கேட்டுக் கொண்டார். அப்படியே பாடினார்கள்.