ஒரே வயிற்றுக்கு ஏன் இரண்டு முறை ஸ்கேன்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அம்மாவை வயிற்று ஸ்கேன் எடுக்க அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஓர் இளம் டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மூத்த டாக்டர் வந்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஏதோ பெரிய வியாதி என்று அம்மா பயந்துவிட்டார். ஏன் இப்படிச் செய்கிறார்கள்?”

பெரும்பாலும் காரணம் வியாதி அல்ல. அந்த இளம் டாக்டர் பயிற்சியில் இருப்பவராக இருப்பார். மருத்துவப் பட்டம், 2 ஆண்டு ஹவுஸ்மேன் பணி, அதன்பின் மருத்துவ அதிகாரி வேலை என எல்லாம் முடித்து, கதிரியக்கவியலில் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் சொல்லிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான், மிகச் சிரமமான வேலையும் அதுதான்.

சி.டி. ஸ்கேனில் உடலின் அந்தப் பகுதி முழுவதும் பதிவாகிவிடும். இரவில் எடுத்ததை மறுநாள் காலையில் வேறொருவர் நிதானமாகப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்ட் அப்படியல்ல. கருவியை எங்கே வைக்கிறோம், எவ்வளவு சாய்க்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் படம் வரும். கை போகாத இடத்தில் இருக்கும் கல், படத்திலும் இருக்காது. பிறகு பத்துப் பேராசிரியர்கள் கூடிப் பார்த்தாலும் அது தெரியாது. அதனால்தான் மூத்தவர், மாணவர் எடுத்த படங்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், தானே கருவியைக் கையில் எடுக்கிறார்.

இதைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது. பித்தப்பைக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வெள்ளையாகத் தெரியும்; அதற்குப் பின்னால் கறுப்பு நிழல் விழும். அத்தோடு நிறுத்தக்கூடாது. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்ல வேண்டும். கல் என்றால் பெரும்பாலும் உருண்டு இடம் மாறும். சுவரோடு ஒட்டி வளர்ந்த சதை அசையாது. “திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தீர்களா?” என்பதுதான் நான் மாணவர்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

பேச்சும் இந்தப் பயிற்சியில் அடக்கம். மலாய்க்காரப் பெரியவரிடம் “தாரிக் நபாஸ், பாக்சிக்... தஹான்” என்றும், நம் பாட்டியிடம் “மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க பாட்டி” என்றும் சொல்லத் தெரிய வேண்டும். மூச்சை இழுத்தால்தான் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் கல்லீரல் கீழே இறங்கிக் கண்ணுக்குத் தெரியும். கருவியால் பித்தப்பைக்கு மேல் அழுத்தி, “இங்கேதான் வலிக்குதா?” என்று கேட்பதும் பரிசோதனைதான். அந்தப் பதில் எந்தத் திரையிலும் வராது.

நம் நாட்டில் கட்டாயம் கற்க வேண்டிய பாடம் டிங்கி. காய்ச்சல், வலது பக்க வயிற்றுவலி என்று ஒருவர் வருகிறார். பித்தப்பைச் சுவர் சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும், இவருக்குத் தடித்திருக்கிறது. அவசரப்பட்டால் ‘பித்தப்பை அழற்சி’ என்று எழுதிவிடத் தோன்றும். அது அறுவை சிகிச்சைக்கு இட்டுச் செல்லக்கூடிய வார்த்தை. ஆனால் டிங்கியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதாலும் அந்தச் சுவர் வீங்கும். காய்ச்சல் தணிந்து உடல் தேறும்போது தானாகவே வற்றும். பிளேட்லெட் குறைந்திருக்கும் நேரத்தில் கத்தி வைப்பது ஆபத்து. ஆகவே மாணவர் அங்கேயே நிற்காமல், கல் இருக்கிறதா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, வலது நுரையீரலைச் சுற்றி நீர் தெரிகிறதா என்று தேட வேண்டும். வயிற்று ஸ்கேனில் கருவி ஏன் நெஞ்சுப் பக்கம் போகிறது என்று இனி நீங்கள் குழம்ப வேண்டாம்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். வரிசை நீளும்போது முதலில் வெட்டுப்படுவது கற்பவரின் நேரம்தான். இன்னொரு பக்கம், “பயிற்சி டாக்டர் வேண்டாம்” என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அப்படிச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்று உங்கள் அம்மாவின் வயிற்றில் தடுமாறித் தேடும் அந்தக் கை, சில வருடங்களில் எங்கோ ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில், நள்ளிரவில் தனியாக முடிவெடுக்க வேண்டிய கை. அன்று அதற்குப் பின்னால் மூத்தவர் யாரும் நிற்கமாட்டார்.

அல்ட்ராசவுண்டில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது, ஒலி அலைதான். இரண்டு முறை பார்ப்பதால் அம்மாவுக்குக் கதிர்வீச்சு பற்றிய பயம் தேவையில்லை. நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகும். சொன்னபடி பட்டினியாக வாருங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். வலிக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள். அழுத்துவது தாங்கவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். “நீங்கள் பயிற்சியில் இருக்கிறீர்களா? மூத்த டாக்டரும் பார்ப்பாரா?” என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல மாணவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.