வெளிநாட்டு மந்தமும் நம் சங்கங்களும்

அமெரிக்க நாட்டில் ஒரு வங்கி முறிந்தால், உளுந்தூர்ப்பேட்டை விற்பனைக் கூடத்திற்கு மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு அதனால் என்ன நேர்ந்துவிடும், தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளிக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்போர் நம் அங்கத்தினர்களிடையே பலர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குரிய விடையைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை; நம் ஜில்லாவின் பழைய சரித்திரத்திலேயே அது இருக்கிறது.

நம் ஊர் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த காலம் அது. (1993-இல் விழுப்புரத்தோடும், 2019-இல் கள்ளக்குறிச்சியோடும் சேர்ந்தது பிற்பாடு.) நாம் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக் கொட்டை கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களின் வழியாகக் கப்பலேறிப் பிரான்சு தேசத்து மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மணிலா விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. விலை விழுந்ததே தவிர, நிலவரி விழவில்லை. கடனும் வட்டியும் விழவில்லை. அன்றைய ஆங்கில சர்க்கார் செலவைச் சுருக்கி வரவு செலவைச் சமன்செய்வதிலும், ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்சில் நிறுத்திவைப்பதிலுமே கண்ணாயிருந்தது. 1931-க்குப் பின்னர் குடியானவர் வீட்டுப் பெண்களின் கழுத்தில் கிடந்த தங்கம் கடைவீதிக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்குச் சென்றது. கூட்டுறவு நாணயச் சங்கங்களில் தவணை கடந்த பாக்கி பெருகிப் பல சங்கங்கள் கலைக்கப்பட்டன. நெசவாளர் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறியும் மாகாணக் கைத்தறிச் சங்கம் 1935-இல், அந்த மந்தகாலத்தின் நடுவிலேயே தோன்றியது என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம்.

இதற்கு நேர்மாறான காட்சியை 2008-இல் கண்டோம். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்னும் நிறுவனம் முறிந்தது. அக்டோபர் முதல் நம் தேசத்து ஏற்றுமதி குறையலாயிற்று. திருப்பூர்ப் பின்னலாடைக்கும் கரூர்த் துணிகளுக்கும் வரவேண்டிய கட்டளைகள் சுருங்கின. இம்முறை சர்க்கார் கையை மடக்கிக்கொள்ளவில்லை. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 9 சதவிகிதத்திலிருந்து ஏழு மாதங்களுக்குள் 4.75 ஆகக் குறைத்தது. டிசம்பரில் உற்பத்தி வரி 4 புள்ளி குறைக்கப்பட்டது. கைத்தறி உள்ளிட்ட சில தொழில்களின் ஏற்றுமதிக் கடனுக்கு 2 சதவிகிதம் வட்டிச் சலுகை கிடைத்தது. மத்திய சர்க்காரின் பற்றாக்குறை தேசிய உற்பத்தியில் 2.5 சதவிகிதத்திலிருந்து ஒரே ஆண்டில் 6 சதவிகிதமாயிற்று. முப்பதுகளின் சர்க்கார் இதைக் கண்டால் மூர்ச்சித்திருக்கும்! அக்காலக் கணக்கின்படி 9 சதவிகிதத்திற்கு மேலிருந்த வளர்ச்சி 6.7 ஆக இறங்கி, அடுத்த ஆண்டே நிமிர்ந்தது.

இவற்றில் எது நம் கிராமத்தை எட்டியது? ரெப்போ வட்டி இறங்கியதால் பயிர்க்கடன் வாங்கிய அங்கத்தினருக்கு ஒரு காசும் குறையவில்லை. அவருடைய வட்டி விகிதம் சர்க்கார் தனியே நிர்ணயித்தது. ஏற்றுமதிச் சலுகை கரூரில் நின்றது. நம்மை எட்டியவை வேறு இரண்டு. ஒன்று, தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். 2006 பிப்ரவரியில் அது முதன்முதலில் தொடங்கப்பெற்ற 200 ஜில்லாக்களில் விழுப்புரமும் ஒன்றாதலின், மந்தம் வந்தபோது நம் ஊர்களில் அது வேரூன்றியிருந்தது. மற்றொன்று, விவசாயக் கடன் நிவாரணம். இது 2008 பிப்ரவரி பட்ஜெட்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. இரண்டுமே மந்தத்தை எண்ணிச் செய்தவை அல்ல. லேமன் முறிவதற்கு முன்னரே கட்டப்பட்ட வாய்க்கால்கள் அவை. வெள்ளம் வந்தபோது நீர் ஓட வழி இருந்தது, அவ்வளவே. கிராமத்தார் கையில் கூலி இருந்தமையால் கடையில் துணி விற்றது. துணி விற்றமையால் தறி நின்றுவிடவில்லை.

கடன் நிவாரணத்தைப் பற்றி நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 2007 டிசம்பர் முடிவில் தவணை தவறியிருந்த கடனுக்கே அந்நிவாரணம் கிடைத்தது. நகையை அடகு வைத்தேனும் குறித்த நாளில் கட்டிய சிறு விவசாயிக்கு அதில் ஒன்றும் இல்லை. இடுக்கண் உற்றவரின் பாரத்தை இறக்கியது நல்ல காரியமே. எனினும் நாணயமாக நடந்தவர் ஏமாளி என்னும் எண்ணத்தையும் அது விதைத்தது. மாநில சர்க்கார் 2009-10 முதல், தவணை தவறாது செலுத்துவோருக்குப் பயிர்க்கடனை வட்டியில்லாமல் வழங்க முற்பட்டதே இதற்குச் சரியான மாற்று என்பது நம் துணிபு. 2021-இல் மறுபடியும் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதன்பின் தேர்தல் வரட்டும், பார்க்கலாம் என்று தவணையைத் தள்ளிப்போடும் பேச்சு சில திண்ணைகளில் கேட்கிறது. அடுத்த மந்தத்தின்போது சங்கத்தின் பெட்டி காலியாயிருந்தால் சர்க்கார் எந்த வழியாகக் கிராமத்திற்குப் பணம் அனுப்பும்?

மந்தம் தீர்ந்த பின்னர் நெசவாளர்க்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. உலகெங்கும் கொட்டிய பணம் பண்டங்களின் விலையில் ஏறி நின்றது. சீனத்தின் தேவையும், பாகிஸ்தான் வெள்ளத்தால் நேர்ந்த பயிர்ச் சேதமும் சேர்ந்துகொள்ள, 2011 மார்ச்சில் உலகப் பருத்தி விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. பருத்தி பயிரிட்டவருக்கு அது நல்ல ஆண்டு. நூல் வாங்கியவருக்கோ பொல்லாத ஆண்டு. ஒரே சங்க மாதப் பத்திரிகையை வாசிக்கும் இருவரில் ஒருவருடைய லாபம் மற்றவருக்கு நஷ்டமாயிற்று! சேலைக்கு முன்கூட்டியே விலை ஒப்புக்கொண்டுவிட்டு, சிட்டா நூலை அன்றன்று வாங்கும் சங்கம் எதுவாயினும், நூல் ஏறும்போது அந்த வித்தியாசத்தைத் தன் கைப்பொருளிலிருந்தே கொடுக்கவேண்டும். இல்லையேல் நெசவாளியின் கூலியில் கை வைக்கவேண்டும். இரண்டாவதே எளிது என்பது நிர்வாகஸ்தர்களுக்குத் தெரியும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளின் மீது 50 சதவிகித வரி விதித்தபோது திருப்பூரும் கரூரும் மீண்டும் கலங்கின. இன்ன ஆண்டு வரும் என்று சொல்லிக்கொண்டு இவை வருவதில்லை. ஆகவே நெசவாளர் சங்கங்கள் நல்ல ஆண்டின் நிகர லாபத்தில், சட்டப்படி ஒதுக்கும் காப்பு நிதிக்கு மேலும் ஒரு பகுதியை எடுத்து, நூல் விலை ஏற்றத்துக்கென்று தனியே வைக்கவேண்டும் என்று கூறுகிறோம். பங்கு ஈவு சற்றுக் குறையும், முணுமுணுப்பும் எழும். வரும் பொதுக்குழுவில் லாபப் பிரிவினை பற்றிய பொருள் எடுக்கப்படும்பொழுது, எழுந்து நின்று இதைக் கேட்கும் உரிமை ஒரு பங்கு வைத்துள்ள அங்கத்தினருக்கும் உண்டு.