உவமையைச் சொல்வது யார்?

"கரடி மாதிரி வந்தான்", "நரி போலச் சிரித்தான்" என்றெல்லாம் கதைகளில் படித்திருப்போம். தோழர்களே, இனி அப்படி ஒரு வரி வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அந்த உவமையைச் சொல்வது யார் என்று கேளுங்கள்.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) அமெரிக்க அடிமை முறை பற்றிய நாவல். அதில் கென்டக்கிப் பண்ணை ஒன்றை நடத்த வருகிறவனை 'ஸ்கூல்டீச்சர்' என்றே அழைக்கிறார்கள். அடிமைப் பெண் சேத்தின் மனிதக் குணங்களை இடப்பக்கமும், விலங்குக் குணங்களை வலப்பக்கமும் எழுதும்படி மாணவர்களுக்கு அவன் சொல்லித்தருகிறான். எழுதும் மையைத் தயாரித்தவளும் சேத்தான். அந்தப் பட்டியல் அவளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எழுதச் சொன்னவனைக் காட்டிக்கொடுக்கிறது.

அதே நாவலில் பால் டி, வாயில் இரும்புக் கடிவாளத்தோடு ஒரு சேவலைப் பார்க்கிறான். முட்டை ஓட்டிலிருந்து அதை வெளியே எடுத்துவிட்டவன் அவன்தான். சேவலின் பெயர் 'மிஸ்டர்'. சேவலுக்கு மரியாதை, மனிதனுக்குக் கடிவாளம்! ஒடுக்கப்பட்டவன் ஒப்பிடும்போது உவமை குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

நமக்கும் இது தெரிந்த கதைதான். 1927இல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்த மகத் சவுதார் குளத்தில் கால்நடைகளுக்குத் தடையில்லை. தடை நம் மக்களுக்குத்தான்.

சேரி மனிதரைப் பன்றி என்றோ எருமை என்றோ ஒரு கதை சொன்னால், சொல்வது பாத்திரமா, எழுத்தாளரா என்று பாருங்கள். பாத்திரம் என்றால், அவனுடைய சாதிப் புத்தியை எழுத்தாளர் அம்பலப்படுத்துகிறார். எழுத்தாளரே என்றால், அம்பலமாவது அவர்தான். அடுத்த வாசிப்பு வட்டத்தில் இந்தக் கேள்வியோடு ஒரு கதையை எடுத்துப் பேசுங்கள்.