கண்ணாடிக்கும் கணக்கு வேண்டும்

நாணயம் சேர்ப்பவரிடம் கேட்டால் தம்மிடம் எத்தனை உண்டு என்று உடனே சொல்லிவிடுவார். தபால் தலை சேர்ப்பவரோ ஆல்பத்தையே எடுத்து நீட்டிவிடுவார். காமிரா லென்ஸ் சேர்ப்பவரிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். சற்று மேலே பார்ப்பார், விரல்விட்டு எண்ணுவார், "ஒன்று தம்பியிடம் இருக்கிறது, இன்னொன்று அந்தக் கல்யாண வீட்டில்..." என்று இழுப்பார். நம் கல்லூரியில் புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்ட நண்பர்கள் பலரிடம் இக்கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். நேரான விடை தந்தவர் மிகச் சிலரே. லென்ஸ் சேர்ப்போர் ஒவ்வொருவரும் தம் கைப்பட ஒரு பதிவேடு எழுதி வைக்க வேண்டும், அதிலும் புதுவையில் வாழ்வோர் கட்டாயம் எழுத வேண்டும் என்பதே என் கருத்து. வணிகவியல் மாணவன் எதைத் தொட்டாலும் கடைசியில் பேரேட்டில்தான் வந்து நிற்பான் என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்கட்டும்.

கைப்பேசியிலேயே படம் எடுக்கும் இக்காலத்தில் பழைய லென்ஸ்களை யார் சேர்க்கிறார்கள் என்ற ஐயம் எழலாம். சேர்க்கிறார்கள், அதற்குக் காரணமும் உண்டு. பழைய பிலிம் காமிராக்களில் லென்ஸ் பொருந்தும் முகப்புக்கும் பிலிமுக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்கும். எம் 42 என்னும் திருகு வகைக்கு அது 45.46 மி.மீ.; 1959இல் வந்த நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ. இன்றைய கண்ணாடியில்லா டிஜிட்டல் காமிராக்களில், அதாவது மிர்ரர்லெஸ் வகையில், இத்தூரம் மிகக் குறைவு. சோனி ஈ வகையில் 18 மி.மீ. மட்டுமே. மிச்சமுள்ள இடைவெளியை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பிவிட்டால் தாத்தா காலத்து லென்ஸ் பேரன் காமிராவில் வேலை செய்கிறது. பரணில் கிடந்தவற்றுக்கு இவ்வாறு மறுவாழ்வு கிடைத்தது.

நம் ஊரில் பரண்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற சொல்தாக்களின் வீடுகளிலும், சைகோனிலும் பாரிசிலும் உறவினர் வாழ்ந்த வீடுகளிலும், வேறு ஊர்களில் எளிதில் காணக்கிடைக்காத பிரெஞ்சுக் காமிராக்கள் இருந்ததுண்டு. போருக்குப் பின் பிரான்சில் செய்யப்பட்ட ஃபோக்கா அவற்றுள் ஒன்று. அதன் தொடக்க கால லென்ஸ்கள் அதற்கே உரிய 36 மி.மீ. திருகில் அமைந்தவை, லைக்காவின் 39 மி.மீ. திருகில் ஏறா. இதை எழுதி வைக்காதவர், பத்தாண்டு கழித்துப் பெட்டியைத் திறந்து, "இது எதிலும் பொருந்தவில்லையே, பழுதுபோலும்" என்று பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவார். பிறகு அது காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எவர் கைக்கேனும் போகும். வாங்கியவர் அறிந்தவராக இருந்தால் அவர் பாக்கியசாலி!

சரி, என்ன எழுதுவது? லென்ஸின் பெயர், குவியத் தூரம், துளையின் அளவு, பொருத்தும் வகை ஆகியவை லென்ஸிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அல்லது பார்த்தாலே தெரிந்துவிடும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகின்றனர். முதன்மையானது வரிசை எண். ஒரே பெயருள்ள இரு லென்ஸ்களை வேறுபடுத்துவது அதுதான். சில வேளைகளில் அது பிறந்த கதையையும் சொல்லும். சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44 லென்ஸை எடுத்துக்கொள்வோம். செருமானியரின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸைப் பின்பற்றிச் செய்த அதனைக் கிராஸ்னகோர்ஸ்க், வல்டாய், மின்ஸ்க் ஆகிய மூன்று இடங்களின் ஆலைகள் செய்தன. முன்வளையத்தில் உள்ள சின்னம் எந்த ஆலை என்று காட்டும். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். கேனன் லென்ஸ்களின் பின்புறத்தில் உள்ள ஒரு சிற்றெழுத்துக் குறியீட்டிலும் ஆண்டு மறைந்திருக்கிறது. 'ஏ' என்றால் 1960. ஆனால் 26 எழுத்துகளும் தீர்ந்ததும் 1986இல் மீண்டும் 'ஏ' வந்துவிடுகிறது! எனவே எழுத்தை மட்டும் நம்பாமல், எங்கே யாரிடம் வாங்கினோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இனி, புதுவை வாசிகளுக்குக் கட்டாயம் என்று நான் சொன்னதன் காரணத்துக்கு வருகிறேன். லென்ஸுக்கு முதற்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபது, எழுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியின் மேல் பூஞ்சை முளைக்கிறது. கடலை ஒட்டிய நம் ஊரில் அந்த அளவைத் தாண்டாத நாளை எண்ணிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதலில் சிலந்தி நூல் போல ஓர் ஓரத்தில் தோன்றும். அப்போதே கண்டு துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தழும்பாக்கிவிடும். பிறகு எந்த மெக்கானிக்கும் அதைத் தீர்க்க இயலாது. ஆகவே இங்கே 'என்னிடம் உள்ளது' என்று எழுதுவது போதாது. 'இந்த நாளில் இப்படி உள்ளது' என்றும் எழுத வேண்டும்.

ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமன் இதற்கு ஒரு நல்ல முறை வைத்திருக்கிறார். அவரிடம் பதினான்கு லென்ஸ்கள். நாமெல்லாம் கட்டம் போட்டு வரிசையாக எழுதுவோம் அல்லவா? அவர் அப்படிச் செய்வதில்லை. எண்பது பக்க நோட்டில், பேரேட்டில் ஆளுக்கொரு கணக்கு என்பது போல, லென்ஸுக்கொரு பக்கம். மாதம் ஒருமுறை பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்து ஒரு வரி எழுதுவார். "பின் கண்ணாடி ஓரத்தில் மணி போல் ஒரு புள்ளி, சென்ற மாதம் இல்லை" என்பது போன்ற வரிகள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிர்சிவப்பாக மாறியதையும், அதை வறுத்து மீண்டும் நீலமாக்கிய தேதியையும் கடைசிப் பக்கங்களில் குறித்திருக்கிறார். அரிசி டின்னில் போட்டு வைத்தால் ஈரம் ஏறாது என்று பாட்டிமார் சொல்வதை அவர் ஏற்பதில்லை. தூசியும் மாவும் லென்ஸுக்குள் போனதுதான் மிச்சம் என்பார். தோல் உறைகளையும் அவர் கழற்றி வேறாக வைத்துவிட்டார். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் தோலுக்கு நிகர் இல்லை.

இன்னொன்றும் செய்கிறார். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு காலை வேளையில், எல்லா லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய், 1836இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தை ஒவ்வொன்றாலும் ஒரு படம், துளையை முழுதும் திறந்து எடுப்பார். அதே இடம், அதே கட்டடம். இரண்டு ஆண்டுப் படங்களை அருகருகே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத புகைமூட்டம் படத்தில் தெரிந்துவிடும். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப் 1.4 வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். சில வாரம் வெயில் பட்டால் மஞ்சள் குறையும். அவருடைய டாக்குமர் எந்த ஆண்டில் எவ்வளவு மஞ்சளாக இருந்தது என்பதற்கு அவர் நினைவைக் கேட்க வேண்டியதில்லை. படங்களே சொல்லும்.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் நம் ஊரருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. வீதிகளில் வெள்ளம், மின்சாரம் இல்லை. மின்சாரத்தால் ஈரம் போக்கும் பெட்டியில் லென்ஸ் வைத்திருந்தோர்க்கும் அது வெறும் பெட்டியாகிவிட்டது. தண்ணீர் வடிந்தபின் எதை முதலில் பார்ப்பது, எது ஏற்கெனவே பூஞ்சை கண்டது, எது சுத்தமாக இருந்தது என்று தெரிந்தவர்கள் பதிவேடு வைத்திருந்தவர்கள் மட்டுமே.

கடன் கொடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். புத்தகத்தைப் போலவே லென்ஸும் இரவல் போனால் திரும்பும் வழியை மறந்துவிடும் பொருள். கல்யாணப் படம் எடுக்க வாங்கிப்போனவர் மூன்று மாதம் கழித்து, "அன்றே கொடுத்துவிட்டேனே" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் கூற மாட்டேன். இருவருக்குமே நினைவில்லை, அவ்வளவுதான். வாங்கிப்போகும் நாளில் அந்தப் பக்கத்திலேயே அவர் கையெழுத்தைப் பெற்றால் நட்பு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோம். கையெழுத்து வாங்காததால் கெட்ட நட்புகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பதிவுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. செயின்ட் லூயி வீதி வரை நடந்தால் போதும். 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டிலிருந்தே தென்னாட்டுக் கோயில்களின் சிற்பங்களையும் திருமேனிகளையும் படமெடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று அட்டவணைப்படுத்தத் தொடங்கியது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மிகுதியான படங்கள் உள்ளன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை 2008இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் அத்திருமேனியை இந்தியாவிடம் திருப்பித் தந்தது. அது அக்கோயிலுக்குரியதே என்று நிறுவுவதற்கு நம் ஊர் நிறுவனத்தின் பழைய படங்கள் துணைநின்றன. படம் எடுத்தவர்கள் அன்று திருடனை நினைத்து எடுக்கவில்லை. ஆராய்ச்சிக்காக ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள். நடராசரையும் நம் நான்கு லென்ஸையும் ஒன்றாகப் பேசுவது மிகைதான். ஆயினும் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது "கறுப்பு நிற லென்ஸ் ஒன்று" என்று எழுதுவதற்கும், வரிசை எண்ணோடும் படத்தோடும் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அதே வகையைச் சேர்ந்தது. பாரிசில் உள்ள அண்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டுபோகும்போது விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பும்போது தீர்வைத் தொல்லை இராது. அங்கும் கேட்பது அந்த எண்ணைத்தான்.

"கணினியில் எழுதலாமே, நோட்டு எதற்கு?" என்று கணினித்துறை நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாக எழுதட்டும், ஒரு நகல் அங்கும் இருக்கட்டும். ஆனால் மூலம் காகிதத்தில் இருப்பதே நல்லது என்பேன். சேர்த்தவர் கண்மூடிய பிறகு அவருடைய கைப்பேசியின் கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முப்பது ஆண்டு தேடிச் சேர்த்த லென்ஸ்கள் கருமாதி முடிந்த மாதமே மொத்தமாக ஒரு விலைக்குப் போயின. அந்த அம்மையாரை எப்படிக் குறை கூறுவது? எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்புக் குழாய்கள். எது அரியது, எது பழுது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அந்த வீட்டில் இல்லை.

கணக்கு எழுதத் தொடங்கினால் கலை போய்விடும், ஆசை வறண்டுவிடும் என்போரும் உளர். என் மாமாவின் நோட்டை ஒருமுறை புரட்டினால் அவ்வாறு சொல்லமாட்டார்கள். ஹீலியோஸ் பக்கத்தில் பூஞ்சைக் குறிப்புகளுக்கு நடுவே, "மணக்குள விநாயகர் கோயில் எதிரில் பூக்காரம்மாவை எடுத்தது இதில்தான், பின்னணி சுழன்று வந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. விற்றுவிட்ட லென்ஸ்களின் பக்கங்களையும் அவர் கிழிக்கவில்லை. யாருக்கு, எந்த நாளில் என்று எழுதிக் கீழே கோடு மட்டும் போட்டிருக்கிறார். அட்டையின் உட்புறத்தில் என் அத்தைக்காக எழுதியது வேறு: எவற்றைத் தனித்தனியே விற்க வேண்டும், எவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம், விலை தெரியாவிட்டால் எந்த இருவரைக் கேட்க வேண்டும் என்பது. அத்தை அதைப் படித்துவிட்டு, "இப்பவே பாதியை வித்துடலாமே" என்றார்களாம்.