முகப்பூச்சில் எதனோடு எதைச் சேர்ப்பது?



கடந்த மாதம் புத்தூரில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை செய்து பிள்ளைகளைப் பார்ப்பவர். கன்னத்தில் 2009 இல் செல்பட்ட தழும்பு. மகளின் சாமத்தியவீடு வருகிறது; படத்துக்கு நிற்கவேண்டும் என்று, யாரோ சொன்னபடி கற்றாழைச் சோறு, தேசிக்காய்ச்சாறு, விற்றமின் சி குளிசைத் தூள், விற்றமின் ஈ எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு போத்தலில் கலந்து பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இப்போது தழும்பைச் சுற்றிக் கொப்புளமும் கருமையும்.

“எரிஞ்சது அக்கா. எரிஞ்சால்தானே வேலை செய்யுதெண்டு விட்டிட்டன்.”

எரிவு வேலையின் அடையாளமல்ல. தேசிக்காய்ச்சாற்றில் உள்ள ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

சேர்மானம் என்பதே பொய்யென்று சொல்லவரவில்லை. 2005 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 வீத விற்றமின் சி, 1 வீத விற்றமின் ஈ ஆகியவற்றுடன் அரை வீதம் பெரூலிக் அமிலம் சேர்த்தபோது, கலவை கெடாமல் நின்று, வெயிலிலிருந்து காக்கும் திறனும் இரட்டித்தது. ஆனால் அது அமிலத்தன்மையை அளந்து செய்தது. எங்கள் குசினியில் அந்த அளவு கிடையாது. தண்ணீரில் கரைத்த விற்றமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டு மண்ணிறமாகிவிடும். குளிசையில் மாவும் நிறமும் வேறு. எண்ணெய் தனியே மிதக்கும். கற்றாழையோ கிருமி வளர நல்ல இடம்.

பூசத்தான் வேண்டுமென்றால், கற்றாழை மடலை வெட்டிக் கால் மணித்தியாலம் நிமிர்த்தி வையுங்கள். மஞ்சள் பால் வடிந்ததும் கழுவி, தெளிந்த சோற்றில் இரண்டு துளி கிளிசரின் சேர்த்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒருநாள் பாருங்கள். இரவில் மட்டும், அன்றன்றைக்குச் செய்தது. புண்ணில் வேண்டாம்.

பெயர்ச்சீட்டில்லாத ‘வெள்ளையாக்கும்’ கிறீம்களை இதனுடன் கலப்பவர்களும் உண்டு. அதுதான் எனக்குப் பெரிய பயம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், கருவிலுள்ள பிள்ளையையும் தாக்கும். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை நிறுத்தச் சொல்கிறது. ஸ்ரீரொயிட் கலந்தவை தோலை மெலியச் செய்யும்.

“தழும்பு போகுமா அக்கா?” என்று கேட்டார். பழைய தழும்பு முற்றாகப் போகாது, புதிய கருமை மெல்ல மங்கும், வெயிலுக்குத் துணியால் மறையுங்கள் என்றேன். தோல் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். ஒருநாள் கூலி போகுமே என்றார். உண்மைதான். அடுத்த வாரம் நானும் கூடப் போகிறேன்.