சோறு போற வழி

ஒரு மாசமா இந்தப் பக்கமே வர முடியலை. அப்பாவுக்குச் சிறுநீர்ப் பாதையில தொற்று, பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். இப்போ தேறி வீட்டுக்கு வந்துட்டார். ஆனா அங்க பார்த்த ஒரு பேப்பர் இன்னும் மண்டையைக் குடையுது.

அது யூரின் கல்ச்சர் ரிப்போர்ட். கிருமி பேர் ஈ.கோலை. கீழே வரிசையா மருந்துகள், பக்கத்துல எஸ் அல்லது ஆர். எஸ்னா மருந்து கேட்கும், ஆர்னா கேட்காது. பக்கம் முழுக்க ஆர். மூணே மூணு எஸ், மூணுமே ஊசி. நான் பெரிய மேதாவியாட்டம், "வான்கோமைசின்னு ஒண்ணு ரொம்ப பவர்ஃபுல்னு சொல்றாங்களே சார், அதைப் போட்டா என்ன?"ன்னு கேட்டேன். டாக்டர் சிரிச்சார். "அது இந்தக் கிருமிக்குள்ள நுழையவே முடியாது தம்பி."

பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா? ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில உட்கார்ந்து படிச்சுத் தீர்த்தேன்.

ஈ.கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு உள்ள ஒரு சவ்வு, வெளியே இன்னொரு சவ்வு. வெளியே இருக்கிறது கோட்டைச் சுவர். சரி, உள்ளே இருக்கிறவன் சாப்பிட வேண்டாமா? அதுக்குத்தான் சுவர்ல போரின்னு சொல்ற புரதத் துளைகள். சர்க்கரை, அமினோ அமிலம் மாதிரி சின்னச் சரக்கு, சுமார் 600 டால்டன் எடை வரைக்கும், தானாவே உள்ளே போயிடும். வான்கோமைசின் எடை சுமார் 1450. வாசல்லயே நின்னுடும்.

பெரிய சரக்குக்குத் தனிக் கதவுகள் இருக்கு. வைட்டமின் பி12-க்கு ஒண்ணு, இரும்புக்குச் சில. நம்ம உடம்பு இரும்பைப் புரதங்களுக்குள்ள பூட்டி வெச்சிருக்கு. கிருமி என்ட்ரோபாக்டின்னு ஒரு மூலக்கூறை வெளியே அனுப்பி அந்த இரும்பைப் பிடுங்கிட்டு வரச் சொல்லும். திரும்பி வந்ததை உள்ளே விடக் கதவைத் திறக்கணும், ஆனா வெளிச்சுவர்ல அதுக்கான சக்தி கிடையாது. அதனால டான்பி என்கிற புரதம் உள்சவ்வுல இருக்கிற சக்தியை எட்டிக் கொடுத்துத் திறக்குது. என்னா டிசைன் பாருங்க!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். சோறு போற வழிதான் மருந்து போற வழியும். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பலவும் இந்தப் போரின் துளை வழியாத்தான் போகுது. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச செஃபிடெரோகால் என்கிற ஜப்பானிய மருந்து இரும்பைக் கையில பிடிச்சுக்கிட்டு இரும்புக் கதவு வழியா நுழையும். கிருமியே கதவைத் திறந்துவிடும்.

ஆனா கிருமியும் கதவைச் சாத்தும். துளைகளைக் குறைச்சுக்கிட்ட கிருமிகள் இருக்கு. இரும்புக் கதவு கெட்டுப்போய் செஃபிடெரோகாலுக்கு அடங்காத கிருமிகளையும் ஏற்கனவே பார்த்துட்டாங்க. வழியை அடைச்சா சோறும் குறையும், அதனால சாதாரண நாள்ல அந்தக் கிருமி பந்தயத்துல பின்தங்கும். மருந்து ஊத்துற இடத்துல மட்டும்தான் அதுக்கு ஜெயம்.

அந்த இடத்தை உண்டாக்குறது யாரு? நாமதான். சளிக்கு மெடிக்கல் கடையில ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குறோம். சளி பெரும்பாலும் வைரஸ், அதுக்கு இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது. ஆனா குடல்ல சும்மா இருக்கிற ஈ.கோலைக்கு அது பரீட்சை. சிறுநீர்ப் பாதைக்குப் போறது பெரும்பாலும் அந்தக் குடல் ஈ.கோலைதான்.

2014 மார்ச்லேர்ந்து ஹெச்1 பட்டியல் மருந்துகளை வித்தா டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் கடைக்காரர் பதிவேட்டுல எழுதணும்னு சட்டம் இருக்கு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு டாக்டருக்குக் காசும் கொடுக்க முடியாதவங்க நேரா கடைக்குப் போறாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா என்னை மாதிரி மாசச் சம்பளக்காரன் எதுக்குப் போகணும்? "புது மருந்து கண்டுபிடிப்பாங்க"ங்கிறதும் பதில் இல்லை. எந்தப் புது மருந்தும் அந்தச் சுவரைத் தாண்டணும், அதுல இருக்கிற கதவுகள் கொஞ்சம்தான்.

அப்பாவுக்குத் தும்மல் வந்தாலே பைக்கை எடுத்துட்டுப் போய் சீட்டு இல்லாம அஞ்சு மாத்திரை வாங்கிட்டு வந்தவன் நான்தான். அதனாலதான் இந்த ஆர் எல்லாம் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியலை.

நேத்து அப்பா மறுபடி தும்மினார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.